லட்டு இல்லாத திருப்பதி மொட்டை

பொய் சொல்வதற்கும் ஒரு தலை வேண்டும். எனக்கு அன்று வாய்த்தது மொட்டைத்தலை.

அப்பா இறந்து ஒன்பதாம் நாள். தருமபுரியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு மாதிரி வகுப்பெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். மாரண்டஹள்ளியிலிருந்து பஸ் ஏறிப் போய் அந்த விண்ணப்பத்தைக் கொடுத்ததே அப்பாதான். (நானென்றால் வழியில் டீக்கடையிலேயே விட்டிருப்பேன்.) காரியம் முடியாமல் வெளியே போகக்கூடாது என்றார் பெரியப்பா. அம்மா மட்டும், "அவரு ஆசப்பட்டது. போய்ட்டு வாடா" என்றாள்.

சாவு வீட்டுக்காரன் என்று தெரிந்தால் வேலை தரமாட்டார்கள் என்று நானாக முடிவுகட்டினேன். பஸ் ஸ்டாண்டில் சந்தனம் வாங்கிக் குழைத்துத் தலை முழுக்க அப்பிக்கொண்டேன். கொள்ளி வைத்த மொட்டை, வேண்டுதல் மொட்டையாகிவிட்டது.

தாளாளர் பார்த்ததும் கும்பிட்டார். "திருப்பதிங்களா?"

"ஆமாங்க."

"லட்டு எங்கங்க?"

"தீந்துபோச்சுங்க."

எட்டாம் வகுப்பு. ஆங்கிலத்தில் மற்ற சொற்களிலிருந்து பெயர்ச்சொல் உண்டாக்குவது பாடம். கைண்ட் என்றால் கைண்ட்னஸ், மூவ் என்றால் மூவ்மென்ட். பிள்ளைகள் கோரஸாகக் கத்தினார்கள். கடைசி பெஞ்சில் தாளாளர் தலையாட்டினார். எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. "எந்தச் சொல் வேணும்னாலும் சொல்லுங்க, பெயர்ச்சொல் ஆக்கித் தரேன்!" என்று சவால் விட்டேன்.

முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "டை, சார். செத்துப்போறது."

'டெத்' என்று எழுத வேண்டும், அவ்வளவுதான். முதல் எழுத்தோடு சாக்பீஸ் நின்றுவிட்டது. அந்தச் சொல்லை நான் கடைசியாகப் பார்த்தது, அப்பா பெயர் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டில்.

அழுதேன். விக்கி விக்கி, மூக்கு ஒழுக. துடைக்கத் துடைக்கச் சந்தனமும் சாக்பீஸ் தூளும் குழைந்து முகமெல்லாம் அப்பியது. என்னைப் பார்த்து அந்தப் பெண் அழ, அவளைப் பார்த்து வகுப்பே அழுதது. பக்கத்து வகுப்பு டீச்சர் ஓடிவந்து, "யாருக்கு என்னாச்சு?" என்றார்.

தாளாளர் என்னை வெளியே கூட்டிப்போனார். "திருப்பதி போய்ட்டு வந்தவரு ஏங்க இப்பிடி அழுவறீங்க?"

உண்மையைச் சொன்னேன்.

"விண்ணப்பம் குடுக்க, பையில தக்காளியோட வந்தாரே, அவருங்களா? எம்பையன் நல்லா சொல்லிக்குடுப்பானுங்கன்னு பத்து வாட்டி சொன்னாருங்க."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். வேலை கொடுக்கவில்லை. பிள்ளைகள் பயந்துவிட்டார்களாம். அந்த வேலை, தலையில் முடியிருந்த ஒருவருக்குப் போனது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். லட்டுக் கட்டம் வந்ததும் சிரித்துவிட்டாள். அப்பா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே, என் காதோரம் காய்ந்திருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்தாள். அவள் கண்ணைத் துடைக்க நான் மறந்துவிட்டேன்.

இப்போது வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். பாலக்கோடு வரை போய்த் திரும்பினாலும் அம்மா வாசலில் மறிப்பாள்: "லட்டு எங்கடா?"

வருஷா வருஷம் அப்பாவின் திதிக்குப் படையலில் ஒரு லட்டு வைக்கிறோம். அவருக்கு இனிப்பே பிடிக்காது.