மூன்று தூக்குப்போசிகளும் ஒரு பெட்டித் தக்காளியும்

மதுக்கரை,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் எழிலுக்கு,

அப்பா அங்கப்பன் நிறைந்த ஆசியுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், வீடு நலம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளை ஆல்வினும் பேத்தி யுவஸ்ரீயும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புனேயில் மழை பிடித்துவிட்டதாகச் செய்தியில் காட்டினார்கள். குழந்தையை நனைய விடாதே. கைப்பேசி கையிலேயே இருக்கும்போது அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் நான் சொல்வதை நீ கேட்பதில்லை. என் குரலைத்தான் கேட்கிறாய். "நல்லா இருக்கேன் கண்ணு" என்றால், "குரல் ஏனுங்கப்பா ஒரு மாதிரி இருக்குது?" என்கிறாய். காகிதத்துக்குக் குரல் கிடையாது. அதனால் இதை நம்பலாம்.

போன வாரம் நீ ஒரு கேள்வி கேட்டாய். "அப்பா, நெசமாச் சொல்லுங்க, இன்னிக்கு யாருகிட்டயாச்சும் பேசுனீங்களா?" நான் பதில் சொல்ல வாயெடுக்கும்போது பாழாய்ப்போன சிக்னல் போய்விட்டது. அதற்கு முன்னால் நீ சொன்னதெல்லாம் தெளிவாகவே கேட்டது. அம்மா போன பிறகு நான் தனியாகக் கிடந்து மெலிகிறேன், ஆடி முடிந்ததும் இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு புனேக்கு வந்து உங்களோடு பதினோராம் மாடியில் இருக்க வேண்டும் என்றாய். கண்ணு, நான் வரமாட்டேன். இங்கே பேச ஆள் இல்லை என்கிறாயே, இந்த ஒரு வாரமாக எனக்கு உட்கார நேரமில்லை, வாய்க்கு ஓய்வில்லை. எல்லாம் தக்காளியால். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

வெள்ளியங்கிரியை உனக்கு நினைவிருக்கும். என்னிடம் ஏழாம் வகுப்பில் அறிவியல் படித்தவன். தக்காளிச் செடியை வரைந்து பாகங்களைக் குறி என்றால், பக்கத்தில் கிலோ விலையையும் சேர்த்துக் குறித்தவன். இப்போது குட்டியானை வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத்தெருவாகக் காய்கறி விற்கிறான். அவன் திங்கட்கிழமை காலையில் வந்து நம் வாசலில் ஒரு பெட்டித் தக்காளியை இறக்கி வைத்துவிட்டான். நான் வேண்டாம் வேண்டாம் என்கிறேன், அவன் காதில் வாங்கவே இல்லை. குருதட்சிணை என்று வைத்துக்கொள். விலை விழுந்து கிடக்கிறது, சந்தைக்கு ஏற்றிப் போனால் டீசலுக்குக்கூடக் கட்டாது என்றான். அத்தனையும் கனிந்த பழம், தொட்டால் விரல் உள்ளே போகிறது. "சார், இன்னிக்கு நாளைக்குள்ள தீத்துப்போடுங்க, அதுக்கு மேல நிக்காதுங்" என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். ஓர் ஆளுக்கு ஒரு பெட்டி. எடுத்துக்காட்டாகச் சொன்னால், ஒரே ஒரு பையன் உள்ள வகுப்பறையில் பள்ளிக்கூடம் முழுமைக்குமான சத்துணவு வந்து இறங்கியது போல. நான் கலங்கவில்லை. காலையில் தக்காளிக் கடைசல், மத்தியானம் தக்காளி ரசம், இரவுக்குத் தக்காளி போட்ட அரிசிம்பருப்புச் சாதம் என்று பாடத்திட்டம் போட்டேன். ஆனால் எந்தச் சமையல் குறிப்பை எடுத்தாலும் 'நான்கு பேருக்கு' என்றுதான் தொடங்குகிறது. ஒருவருக்குச் சமைப்பது எப்படி என்று யாரும் எழுதி வைக்கவில்லை. சரி என்று எல்லாவற்றையும் நான்கால் வகுத்தேன். தக்காளி வகுபட்டது, வெங்காயம் வகுபட்டது. வரமிளகாயைக் கத்தரிக்கோலால் வெட்டி வகுத்தேன். பெருங்காயம் ஒரு சிட்டிகை என்பதை நான்காக வகுக்க என்னால் ஆகவில்லை. கடைசியில் நான்கு பேருக்கே செய்துவிட்டேன். ஒருவன் நான்கு வேளை சாப்பிட்டால் கணக்கு சரிதானே?

அப்படியும் பெட்டியில் பள்ளம்கூட விழவில்லை. இனி தொக்குதான் வழி என்று முடிவு செய்தேன். உன் அம்மா தொக்குக் கிண்டும்போது நான் கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பேன். வாசம் வந்தால் தொக்கு என்று தெரியுமே தவிர, அந்த வாசம் வரும் வழி எனக்குத் தெரியாது. ஆகவே கைப்பேசியை அஞ்சறைப்பெட்டி மேல் சாய்த்து வைத்து, தக்காளித் தொக்கு என்று தேடி ஒரு காணொளியைப் போட்டேன். நல்ல பெண், சிரித்த முகம். எடுத்த எடுப்பில், "எல்லாரும் எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்டாள். இந்தக் காலத்தில் யார் கேட்கிறார்கள்? நான் கரண்டியை வைத்துவிட்டு, "இருக்கேனுங்க அம்மணி. வீட்ல இப்ப நான் மட்டுந்தானுங்க. போன வருசம் அவங்க போயிட்டாங்க. பொண்ணு புனேல இருக்குதுங்க, பேத்தி ரெண்டாவது படிக்குதுங்க" என்று ஆரம்பித்து, உன் வேலை, மாப்பிள்ளையின் வேலை, யுவஸ்ரீயின் முன்பல் விழுந்தது வரை சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தால், அவள் கொத்தமல்லி தூவிக்கொண்டிருக்கிறாள். என் சட்டியில் புகை. அவசரமாகக் கிளறினால் தொக்கு எரிமலை போல வெடித்து, சுவர், சட்டை, மூக்குக்கண்ணாடி எல்லாம் சிவப்பு. குடையை விரித்துக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மறு கையால் அடுப்பை அணைத்தேன். புகையைப் பார்த்து எதிர் வீட்டு மெர்சி ஓடி வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண்தான், ஆனாலும் என் சட்டையைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டது. "ஏனுங் சார், எங்கீங் வெட்டுப்பட்டுச்சு?" "வெட்டுப்படலீங்க, தக்காளிங்க" என்றேன். அதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

அடிப்பிடித்ததை விட்டுவிட்டு மேலாக எடுத்தால், அப்படி ஒன்றும் மோசமில்லை. அம்மா ஈரோட்டில் வாங்கிப் பெயர் வெட்டி வைத்த தூக்குப்போசிகள் நான்கில் மூன்று இங்கே இருக்கின்றன அல்லவா? பெரியது உன்னிடம் இருக்கிறது, போன முறை முறுக்குப் போட்டு எடுத்துப் போனாய். பெரியதற்குள் அடங்கியிருந்தவை அது இல்லாமல் அலமாரியில் உருண்டு உருண்டு சத்தம் போடுகின்றன. பரவாயில்லை, அது உன்னிடமே இருக்கட்டும், அதற்காக ஒன்றும் நீ அலைய வேண்டாம். மூன்றிலும் தொக்கை நிரப்பி ஒன்றை மெர்சி வீட்டுக்கும், ஒன்றைக் கடைசி வீட்டுப் பாவாத்தாளுக்கும் கொடுத்தேன், ஒன்று எனக்கு. மெர்சி மூடியில் இருந்த பெயரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அம்மா கைல வாங்கித் தின்ன போசிங்க இது" என்றது. நான் அடுத்த போசியை எடுத்துக்கொண்டு நடந்தேன். உனக்குத் தெரியும், நம் பக்கத்தில் ஒரு வீட்டு ஏனத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள், ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். நான் எதிர்பார்த்தது சர்க்கரைதான். ஆனால் விலை விழுந்தது எனக்கு மட்டுமா விழுந்தது? ஊரெல்லாம் தக்காளி. மெர்சி வீட்டிலிருந்து என் போசி தக்காளி ஜாமோடு திரும்பியது. பாவாத்தாள் என் போசியில் தக்காளிக் குழம்பை ஊற்றி, அது போதாதென்று தன் வீட்டுக் கிண்ணத்தில் கொஞ்சம் தொக்கும் கொடுத்தார். இப்போது அவர் கிண்ணம் என்னிடம். அதை நான் வெறுமனே கொடுக்கலாமா? ரசம் வைத்து ஊற்றிக் கொடுத்தேன். ரசத்துக்குப் பதிலாகத் தக்காளிச் சட்னி வந்தது. தெருவில் ஏனங்கள் நடந்துகொண்டே இருந்தன. தக்காளி மட்டும் குறையவில்லை. பாவாத்தாள் ஒரு நாள் வாசலில் நின்று, "நா குடுத்த தொக்கு எப்புடீங் சார் இருந்துச்சு?" என்று கேட்டார். ஆசிரியர் புத்தி போகுமா? "நல்லாத்தானுங்க இருந்துச்சு. சித்தே அடிப்புடிச்ச வாசம். அடுத்த தடவ தீயக் கொறச்சு வெச்சுக்குங்க" என்று திருத்தம் சொன்னேன். அந்த அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். "நா எங்கீங் கிண்டுனேன்? மெர்சி குடுத்துச்சுங். எங்கூட்ல ஏற்கெனவே ரெண்டு சட்டி இருக்குதுன்னு உங்களுக்குத் தள்ளி உட்டுப்போட்டேன்." திரும்பிப் பார்த்தால் மெர்சி தன் வீட்டு வாசலில் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறது. "அது நீங்க குடுத்ததுதானுங் சார். எங்கூட்டுக்காரருக்குப் பிரசருங், உப்பு ஆகாதுங்!" என்று அங்கிருந்தே கத்தியது. என் விடைத்தாளை நானே திருத்தி நானே மதிப்பெண் குறைத்த கதை இது. மூன்று பேரும் தெருவில் நின்று சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, உன் அம்மாவிடம் இதைச் சொல்லலாம் என்று சமையலறை வரை போய்விட்டேன்.

மிச்சப் பழத்தை வற்றல் போடலாம் என்று தோன்றியது. பிளந்து உப்புத் தடவி, மொட்டை மாடியில் என் வெள்ளை வேட்டியை விரித்து அதன் மேல் வரிசையாக அடுக்கினேன். ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளை நிறுத்தியது போல அழகாக இருந்தது. நீ இங்கே இருந்தபோது மயிலைப் பார்க்க மலைப்பக்கம் போக வேண்டியிருந்தது. இப்போது மயில்கள் நம்மைப் பார்க்க வருகின்றன. ஓர் ஆண் மயில் தன் குடும்பத்தோடு மாடியில் இறங்கி, முதல் வரிசையை முடித்துவிட்டது. குடையோடு ஓடினேன். மயில் பறந்தது, அதே நேரம் கணவாய்க் காற்று வந்தது. மயில் போன திசையிலேயே வேட்டியும் தக்காளியோடு எழுந்து போய், பக்கத்து வீட்டுக் குமாரசாமி அப்போதுதான் கழுவி நிறுத்தியிருந்த காரின் மேல் படர்ந்தது. அவரும் நானும் சாக்கடைத் தகராறுக்குப் பிறகு முகம் பார்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் குடையோடு மாடியில் நிற்கிறேன். "ஏனுங் வாத்தியாரே, எங்க காருக்குக் கண்ணாலமுங்களா? வேட்டியெல்லாம் கட்டி உட்டிருக்கறீங்க!" என்றார். "மயிலுங்க" என்றேன். "மயிலு வேட்டி கட்டுமுங்களா?" என்றார். பிறகு அவரே ஒரு வாளி கொண்டு வந்தார், இருவருமாகக் காரைக் கழுவினோம். அவர் வீட்டில் காப்பி குடித்தேன். "அம்மா தவறுனப்ப வந்து ஒரு வார்த்த கேக்காம இருந்துபோட்டேனுங்க" என்று டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பேச்சை மாற்றி, கார் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கிறது என்று கேட்டேன்.

ஆகவே கண்ணு, நீ கவலைப்படுவதற்கு ஒன்றும் இல்லை. சாப்பிடுகிறேன், பேசுகிறேன், சிரிக்கிறேன், கார் கழுவுகிறேன். இப்படிப்பட்ட ஒருவனைப் பதினோராம் மாடியில் கொண்டுபோய் வைத்தால் அவன் என்ன ஆவான் என்று யோசி. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். யுவஸ்ரீயைத் தினமும் ஒரு பக்கம் தமிழ் வாசிக்க வை, எழுத்துக் கூட்டினாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டு அடுப்பில் எதுவும் அடிப்பிடிக்காமல், உங்கள் வாசலில் எப்போதும் நாலு செருப்பு கிடக்கும்படி எல்லா நன்மையும் பெருகட்டும்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா,
அங்கப்பன்

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டிய பிறகு பிரித்து இதை எழுதுகிறேன். அன்றைக்கு சிக்னல் போகவில்லை, நான்தான் வைத்தேன். அன்று முழுக்க நான் பேசியதே மின்சார மீட்டர் பார்க்க வந்தவரிடம், "மாடிப்படிக்குக் கீழ இருக்குதுங்க" என்று. வெள்ளியங்கிரியும் தக்காளியைத் தானாக இறக்கவில்லை. நான்தான் கைகாட்டி வண்டியை நிறுத்தி ஒரு பெட்டி கேட்டு வாங்கினேன். "உங்க ஒராளுக்கு எதுக்குங் சார் ஒரு பெட்டி? கால் கிலோ போதுமுங்களே" என்றான். "விருந்தாளி வர்றாங்கப்பா" என்றேன். கெட்டியான பழத்தைப் பொறுக்கப் போனவனைத் தடுத்து, நன்றாகக் கனிந்ததாகக் கொடு என்றேன். காயாக இருந்தால் வைத்திருந்து நானே தின்றுவிடலாம், கனிந்திருந்தால் யாருக்காவது கொடுத்தே ஆக வேண்டும். சும்மா ஒரு வீட்டு வாசலில் போய் நின்று, பேச வந்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை கண்ணு. கையில் தூக்குப்போசி இருந்தால் எதற்கு வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

நேற்றோடு தக்காளி தீர்ந்துவிட்டது. அவரவர் ஏனம் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்று காலையிலிருந்து அலமாரியில் மூன்று போசிகளும் உருளுகிற சத்தம்தான். உங்கள் பதினோராம் மாடியில் எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தொக்கு ஆகுமா என்று விசாரித்து வை. பெரிய போசிக்காக அலைய வேண்டாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடு. ஆடி முடியட்டும் என்று பார்க்காமல் நீயே அதை எடுத்துக்கொண்டு வா. வெறுமனே கொண்டு வரக்கூடாது என்பது உனக்குத் தெரியும். எதை வேண்டுமானாலும் போட்டுக் கொண்டு வா கண்ணு, தக்காளி மட்டும் வேண்டாம்.