மாப்பிள்ளை படகுக்கு நான் வாங்கிய மடக்கு விசிறி

தியாகராய நகர்,
17-10-1973

மதிப்பிற்குரிய வைரவன் அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் அய்யாதுரை கும்பிட்டு எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சௌக்கியம். மனசுதான் ஒருவருக்கும் சரியில்லை. நம் ரத்னாவுக்கு நீங்கள் பார்த்துப் பேசிவைத்த சம்பந்தம், நிச்சயத்துக்கு நாள் குறிக்கும் நேரத்தில் என் கையாலேயே கெட்டுப்போனது. பிறர் சொல்லி நீங்கள் கேட்பதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.

ராஜா அண்ணாமலைபுரத்துப் பையன் ஜவஹர் சொந்தமாகப் பாய்மரப் படகு கட்டியது உங்களுக்குத் தெரியும். காற்றில்லாத நேரத்துக்கு அதில் ஒரு சின்ன டீசல் எஞ்சின். அது தண்ணீருக்குள் சுற்றுகிற விசிறிக்குப் பெயர் புரொப்பெல்லர். அதை நான் வாங்கித் தருகிறேன் என்று வாய் கொடுத்தேன். அதோடு நிற்காமல் எதை வாங்குவது என்பதிலும் மூக்கை நுழைத்தேன். பையன் மூன்று இறக்கை வைத்ததைக் கேட்டான். எஞ்சினில் போகும்போது நன்றாகத் தள்ளுமாம், பாயில் போகும்போது மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்குமாம். நல்ல காரியத்துக்கு மூன்றா என்று எனக்குச் சுருக்கென்றது. அக்பர் பாஷாவின் பழைய கப்பல் சாமான் கடையில் இரண்டு இறக்கை மடக்கு விசிறி ஒன்று இருந்தது. பாயில் போகும்போது இறக்கைகள் மூடிக்கொள்ளும். எஞ்சினைப் போட்டால் சுற்றுகிற வேகத்தில் தானாக விரியும். காலமெல்லாம் துணியை விரித்து மடித்தே சோறு தின்றவனுக்கு இது பிடிக்காமல் வேறு எது பிடிக்கும்? வருங்கால மாமனார் சொல்லைத் தட்ட முடியாமல் பையனும் தலையாட்டினான்.

அதோடு விட்டேனா? ஆயுதபூஜை வந்தது. நம் ஜவுளிக்கடையில் கத்திரிக்கோல், மீட்டர் கோல், கல்லாப்பெட்டி வரிசையில் விசிறியையும் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். இறக்கைகள் தொளதொளவென்று ஆடின. பார்சல் கட்டும் நைலான் கயிற்றில் மஞ்சள் தடவி, இரண்டையும் சேர்த்துச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டேன். படகில் பொருத்தும்போது ஃபிட்டர் கபாலி, "இன்னா நைனா, கயிறு அப்பிடியே கீதே?" என்றான். "சாமி கயிறுப்பா, அவுக்கப்படாது" என்றேன். அவனும் கண்ணில் ஒற்றிக்கொண்டு அப்படியே மாட்டிவிட்டான். ஜவஹர் அன்று துறைமுகத்தில் அனுமதி வாங்கப் போயிருந்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி வியாபாரத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, நானும் ரத்னாவும் ஜவஹரும் அவன் தாயார் சரோஜாதேவி அம்மாளும் வெள்ளோட்டம் போனோம். பாயில் சொகுசாகப் போனோம், திரும்பும்போது காற்று நின்றது, ஜவஹர் எஞ்சினைப் போட்டான், எஞ்சின் கத்துகிறது, புகை கக்குகிறது, படகு ஒரு அடி நகரவில்லை, அலை மட்டும் ஆட்டுகிறது, காலையில் தின்ற இட்லி எனக்கும் சம்பந்தியம்மாளுக்கும் ஒரே நேரத்தில் வெளியே வந்தது, ஆளுக்கொரு பக்கம் சுருண்டு படுத்துவிட்டோம். பொழுது சாயும் நேரத்தில் ஒரு விசைப்படகுக்காரர் எங்களைக் கரைக்கு இழுத்து வந்தார். கபாலி முங்கிப் பார்த்துவிட்டு, "நைனா, உன் முடிச்சு இன்னும் ஸ்ட்ராங்கா கீது" என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். சம்பந்தியம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, உங்க பக்தி எங்க குடும்பத்துக்குத் தாங்காது" என்றார்கள். நான் நீட்டிய வெற்றிலைத் தட்டைத் தொடவில்லை.

வீட்டுக்காரி தங்கபுஷ்பம் எனக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை. ரத்னா வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஒரு விசிறியைக்கூட ஒழுங்காகப் பார்த்து வாங்கத் தெரியாதவன், பெற்ற பெண்ணின் வாழ்க்கையில் கை வைத்தேனே என்று என் தலையிலேயே அடித்துக்கொள்கிறேன், அத்தான். நீங்கள் ஒரு நடை வந்து அவர்களிடம் பேச வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

அக்காவுக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, நோய்நொடி இல்லாமல், கடல் பக்கம் போகாமல் வாழ முருகன் அருள வேண்டும்.

தங்கள்,
அய்யாதுரை

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது மாப்பிள்ளை கடைக்கு வந்தார். "மாமா, பொண்ணு பாக்க வந்தப்போ உங்க மக வாயே திறக்கல. இப்படிப்பட்டவகூட எப்படிக் காலம் தள்றதுன்னு, வெள்ளோட்டம் முடிஞ்சதும் வேண்டாம்னு சொல்றதாத்தான் இருந்தேன். நீங்க ரெண்டு பேரும் படுத்துட்டீங்க. அப்புறம் மத்தியானம் பூரா அவதான் பேசினா. கேள்வியாக் கேட்டுத் தள்ளிட்டா, பதில் சொல்லியே என் தொண்டை வறண்டுபோச்சு. உங்க கயிறு இல்லேன்னா சீக்கிரமே கரைக்கு வந்திருப்போம். அம்மாவை நான் பாத்துக்கறேன், நீங்க நாள் பாருங்க" என்றார். ஆகவே மேலே எழுதிய எதையும் மனசில் வைக்க வேண்டாம். சந்தோஷம்தான். ஆனாலும் அவர் போனபிறகு கல்லாவில் உட்கார்ந்து யோசித்தேன். 'சாப்பிட்டியா' என்று நான் கேட்டால் 'ஆச்சுப்பா' என்பதைத் தவிர அவள் என்னிடம் பேசியதாக நினைவில்லை. நானும் அவளிடம் வேறு எதுவும் கேட்டதாக நினைவில்லை, அத்தான்.