பாவூர்சத்திரத்தில் உன் அம்மாவை விட்டுவிட்டு வந்த விவகாரம்

தென்காசி,
ஆடி 12.

சௌபாக்கியவதி மகள் யோகலட்சுமிக்கு, அப்பா முத்துக்குமாரசாமி அனேக ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கு காசிவிசுவநாதர் புண்ணியத்தில் உன் அம்மா நலம். நானும் நாலு கிலோ குறைந்து நலம். அங்கு மாப்பிள்ளையும் பேரனும் நலமா?

போனில் பேசினால் என்ன என்று கேட்பாய். பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, நான் ஒன்று சொன்னால் மூன்று திருத்துகிறாள். தவிர, கையால் எழுதிப் பழகினால் மூளைக்கும் வேலை என்கிறார் டாக்டர் கோமதிசங்கர். இதையும் படித்துப் பார்த்துத்தான் ஒட்டவிடுவேன் என்று உன் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

பாவூர்சத்திரம் விவகாரத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். அவியலுக்குக் காய் வாங்க ஸ்கூட்டரில் இரண்டு பேரும் போனோம், கத்தரிக்காய் முருங்கைக்காய் தடியங்காய் என்று சாக்கு நிறைய வாங்கினோம், நான் சாக்கைப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு வீடு வந்து இறக்கிவிட்டு "வடிவு, காப்பி போடு" என்று குரல் கொடுத்த பிறகுதான் வடிவே வீட்டில் இல்லை என்று தெரிந்தது. அதற்குள் காய்க்கடை ஒலி முகம்மது போன் பண்ணிவிட்டார். "அண்ணாச்சி, அக்கா இங்கன ஒரு மணி நேரமா நிக்காவ. மறந்துட்டியளோ?" அவரே பஸ் ஏற்றி அனுப்பினார். வந்து இறங்கியவள் தெருவே கேட்கக் கேட்டாள்: "தடியங்காய ஞாபகமா கொண்டாந்திருக்கிய, தாலி கட்டுனவள மறந்துட்டியளே!"

பிறகு நீ போனில் திட்டி, டாக்டரிடம் போனோம். நான் தொண்ணூற்றாறு கிலோ. உன் அம்மாவும் மெஷினில் ஏறினாள். அந்த எண்ணை இங்கே எழுதினேன், பேனாவைப் பிடுங்கிக் கோடு போட்டு அடித்துவிட்டாள். டாக்டர் ஐந்து சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டார். தாலுகா ஆபீசில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவன், மூன்றுதான் சொன்னேன். "இந்த வயசுல இவ்வளவு வெயிட்டு மூட்டுக்கு மட்டுமில்ல சார், மூளைக்கும் நல்லதில்ல. சாப்பாட்டையும் குறைங்க, நடக்கவும் செய்யுங்க. ரெண்டையும் சேத்துச் செஞ்சாத்தான் பிரயோஜனம்" என்றார்.

நீ அனுப்பிய, நடக்கிற அடியை எண்ணும் வாட்சைக் கட்டிக்கொண்டு குற்றாலம் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். முதல் வாரம் சாரல். பஸ்ஸில் ஏறி அருவிக்குப் போய், உடம்புக்கு எண்ணெய் தேய்க்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். எண்ணெய் தேய்க்கிற மனுஷன் என் கையைப் பிடித்து உருட்டி, உதறி, தட்டியதில் வாட்ச் ஆயிரத்து நானூறு அடி காட்டியது. அந்த சந்தோஷத்தில் மிளகாய் பஜ்ஜி நாலு. வீட்டு வாசலிலேயே உன் அம்மா மோப்பம் பிடித்துவிட்டாள். "நடந்தா வேர்வைதான வரும், எண்ணெ எப்படி வரும்?" அன்றுமுதல் எனக்குக் காவலாக அவளும் வருகிறாள். தினமும் இலஞ்சி விலக்குவரை போய்த் திரும்புகிறோம். பஜ்ஜிக் கடை வந்தால் என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். வீட்டில் சொதியில் தேங்காய்ப்பாலைக் காணோம். நம் வம்சத்தில் யாரும் இப்படி ஒரு சொதியைச் சாப்பிட்டதில்லை. ஆனாலும் சொல்லவேண்டும், கல்யாணமாகி நாற்பது வருடத்தில் நாங்கள் இவ்வளவு பேசிக்கொண்டு நடந்ததே இல்லை.

உலகம்மன் துணையில் உங்கள் வீட்டில் எல்லாம் நிறைந்திருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனுக்கு முத்தம்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: உன் அம்மா படித்துவிட்டு, "சரிதான், ஒட்டுங்க" என்று கொடுத்தாள். ஒட்டாமல் கொண்டுவந்து தபாலாபீசில் நின்று இதை எழுதுகிறேன். அவளிடம் சொல்லிவிடாதே. அன்று நான் அவளை மறக்கவில்லை, யோகா. "சாக்கோட நம்ம ரெண்டு பேரையும் வண்டி தாங்காது. நீங்க போங்க, நான் பஸ்ல வாரேன்" என்று சொன்னதே அவள்தான். சொன்னதை மறந்து, நான் வருவேன் என்று நின்றிருக்கிறாள். பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, திட்ட ஆரம்பிப்பதற்கு முன்னால் அவள் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தாள். மறந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். காப்பி கேட்டதெல்லாம் கற்பனை. டாக்டர் சொன்ன ஐந்தும் எனக்குத் தெரியும்: அருவி, குடை, சாவி, யானை, மாம்பழம். ஆட்டோவில் வரும்போது அவள்தான், "எனக்கு யானையத் தவிர ஒண்ணும் நிக்கலயே" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே டாக்டரிடம் தனியாகப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். ஆவணி முதல் வெள்ளிக்கிழமை அவளைப் பரிசோதிக்கக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். எனக்குத் துணைக்கு என்று சொல்லித்தான் கூட்டிப்போகவேண்டும். நீயும் வந்துவிடு, எனக்குப் பயமாக இருக்கிறது. "உன் உடம்புக்காக நட" என்று அவளிடம் சொன்னால் மூட்டுவலி என்பாள். என்னைக் காவல் காக்க என்றால் சாரலிலும் குடையை எடுத்துக்கொண்டு வருகிறாள். பஜ்ஜி தின்றது மட்டும் நிஜம், அதில் திட்டம் எதுவும் இல்லை. ஆகவே தினமும் போன் பண்ணி, ஸ்பீக்கரிலேயே என்னை நன்றாகத் திட்டு. நீ திட்டினால்தான் அவள் மறுநாள் காலையில் செருப்பை மாட்டுவாள்.