தோல்வியறியாத தீகானும் ஒழுகும் கூரையும்

இந்தக் கோடையில் மேய்ச்சல் மலைக்குப் போய், புல்லில் மல்லாந்து படுத்து, மேகம் பார்த்தே தீருவது என்று முடிவெடுத்தேன். எடுத்த அதே நொடியில் என் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. எங்கள் வீட்டுக் கூரை ஒழுகும். கட்டிலுக்கு நேர் மேலே, அதிலும் என் பக்கம் மட்டும்.

"விழுந்துச்சா?" என்றாள் பக்கத்தில் படுத்திருந்த என் மனைவி பிலோமின், கண்ணைத் திறக்காமலே.

"பிலோமின், நான் மலைக்குப் போகலாம்னு..."

"கூரை மேல போ. அதுவும் உயரம்தான்."

எங்கள் வலே மாநிலத்து மலைகளில் சண்டை போடுவது பசுக்கள். மனிதர்கள் சுற்றி நின்று ஒயின் குடிப்பதோடு சரி. வசந்தகாலப் பசுச் சண்டைகளில் ஒலிபெருக்கியைப் பிடித்து வர்ணிப்பவன் நான், ஒனேசிம். வெல்லமுடியாத, அசைக்கமுடியாத, தோல்வியறியாத, தகர்க்கவொண்ணாத, ஊறுபடாத... இன்னும் கையிருப்பு உண்டு. ஒரு பசுவுக்குச் சொன்னதை அடுத்த பசுவுக்குச் சொல்ல மாட்டேன். இருப்பதிலேயே நல்ல சொற்களை எங்கள் பசு தீகானுக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். கறுப்பி. நெற்றி மட்டும் கதவகலம்.

"இத்தனை 'முடியாத' வச்சிருக்கியே, ஒழுக முடியாததுன்னு ஒண்ணு கிடையாதா?" என்பாள் பிலோமின்.

ஜூனில் மாடுகளை மலைக்கு ஓட்டிப்போகும் நாளில், எல்லாப் பசுவும் ஒன்றோடொன்று முட்டிப் பார்த்துக்கொள்ளும். தோற்றது முகத்தைத் திருப்பிக்கொண்டு புல் மேயப் போய்விடும். காயமில்லை, கோபமில்லை. கடைசிவரை திரும்பாமல் நிற்பவள் ராணி. ராணியின் வீட்டிலிருந்து ஒருவர் கோடை முழுக்க மலைக்குடிசையில் தங்கலாம் என்பது எங்கள் ஊர் மரியாதை.

"பந்தயம்!" என்றேன். "தீகான் ராணியானா நான் மலைக்கு. தோத்தா, கூரையை நானே சரி பண்ணிடறேன்."

தலையணை பறக்கும் என்று குனிந்துகொண்டேன்.

"சரி" என்றாள்.

குனிந்தவன் நிமிரவே இல்லை. பிலோமின் எதிர்த்துப் பேசினால் தப்பித்துவிடலாம். 'சரி' என்றால் தப்பவே முடியாது. என் சொற்கள் அத்தனையையும் வரிசையாக நிற்க வைத்து முட்டச் சொன்னாலும் அந்த ஒன்று ஓரடி பின்வாங்காது. இவள் ஏதோ சதி செய்யப்போகிறாள், பசுவை இளைக்க வைக்கப்போகிறாள் என்று தோன்றியது.

"இனிமே நீ தொழுவத்துப் பக்கம் வரக்கூடாது" என்றேன்.

"அப்ப சாணி?"

"நான் அள்ளுறேன்."

"பால்?"

"நான் கறக்கறேன்."

"விடியறதுக்கு முன்னாடி எந்திரிக்கணுமே?"

"எந்... திரிப்பேன்."

"பொல்லாத ஆளுய்யா நீ" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள்.

தினமும் சாயங்காலம் தொழுவத்து வாசலில் ஒரு வாளி ஓட்ஸ் கஞ்சி வைத்துவிட்டுப் போவாள். எனக்கா தெரியாது? பேதி மருந்து கலந்திருப்பாள். பசுவுக்குக் கொடுக்கும் முன் நானே இரண்டு கை அள்ளித் தின்று பார்ப்பேன்.

"எப்படி இருக்கு?" என்று சமையலறையிலிருந்து குரல் வரும்.

"உப்பு கம்மி!"

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. தீகான் கொழுத்தாள். நானும்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விடிகாலைகளை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பனிமூட்டம் கதவிடுக்கில் நுழைந்து வைக்கோலில் படுத்துக்கொள்ளும். தீகானின் கழுத்துமணி எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து ஒலிப்பதுபோல் இருக்கும். அவள் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு என் சொற்களை ஒவ்வொன்றாகக் காதில் சொல்வேன். அவள் நீளமாக ஒரு மூச்சு விடுவாள். பாதி கறக்கும்போதே தூங்கிப்போவேன். கனவில் நான் மலைமேல் படுத்திருப்பேன், மேகங்கள் வந்து என்னை மோந்து பார்த்துவிட்டுப் போகும். விழித்தால் பால் வாளிக்குள் என் தொப்பி கிடக்கும்.

அந்த நாளும் வந்தது. மலை முழுக்க மூட்டம். மணிச்சத்தம் முதலில் வரும், பசு பிறகுதான் வரும். மலை மேற்பார்வையாளர் கிராசியான் வேலியோரம் நிற்க, பிலோமின் அவரிடம் ஏதோ நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். நான் கவனிக்கவில்லை. தீகான் கடைசிப் பசுவோடு நெற்றியை ஒட்டியிருந்தாள். இரண்டும் அசையவில்லை. குளம்புக்கடியில் மண் மட்டும் மெல்லப் பிய்ந்தது. பிறகு மற்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல் புல்லைக் கடித்தாள்.

ராணி!

ஒலிபெருக்கி என் கையில்தான் இருந்தது. ஒதுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றாவது வரவேண்டுமே! "எங்க தீகான்... எங்க தீகான்..." என்று மலை முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதேன்.

பிலோமின் வந்து என் மூக்கைத் துடைத்துவிட்டாள். என் பையைத் தயாராகக் கட்டியே கொண்டு வந்திருந்தாள்.

"நான் தோக்கணும்னு நீ நினைக்கலையா?"

"அப்படி நினைச்சா ஓட்ஸா போடுவேன்? போ மனுஷா, ஆசைப்பட்டபடி மேல போய் இரு."

இவளையா சந்தேகப்பட்டேன்! நெஞ்சு கனத்தது. பையும்தான் கனத்தது. குடிசை வாசலில் அதை இறக்கிவிட்டுப் புல்லில் மல்லாந்தேன். மூட்டம் விலகிய இடத்தில் முதல் மேகம் மெல்ல வந்தது. பாதி தூரம் வந்ததும் அதை மறைத்துக்கொண்டு கிராசியானின் தலை வந்தது.

"எந்திரி ஒனேசிம். பையில சுத்தியல் இருக்கும், எடு."

இருந்தது. ஆணியும் இருந்தது.

"எதுக்கு?"

அவர் கை காட்டினார். மலையின் பெரிய தொழுவம். ஒரு கோடி கண்ணெதிரே, மறு கோடி மூட்டத்துக்குள். கூரை நெடுகப் பலகைகள் உளுத்துத் தொங்கின.

"உன் பொண்டாட்டி பேசி முடிச்சிட்டா. என் ஆளுங்க கீழ உங்க வீட்டுக் கூரையைச் சரி பண்ணிக்கிட்டிருக்காங்க. அதுக்குப் பதிலா இந்தக் கூரை உன் பொறுப்பு. கோடை முடியறதுக்குள்ள முடிச்சாப் போதும்."

சுத்தியலும் கையுமாக அவரைப் பார்த்தேன். "தீகான் தோத்திருந்தா?"

"தோத்திருந்தா உங்க வீட்டுக் கூரைதான்" என்று ஏணியைச் சாத்தினார் கிராசியான். "நாலே பலகை. மத்தியானச் சாப்பாட்டுக்குள்ள இறங்கியிருப்பே."