துரைக்கு மரவள்ளிக்கிழங்கு

யோங் பெங்,
சுபானு வருஷம் ஐப்பசி மாதம். புதிதாக வந்த ஜப்பான்காரர்கள் கணக்கில் 2603.

மகாகனம் பொருந்திய பெரிய மச்சான் ஜெயபாலன் அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை கனகராஜ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் தங்கை செல்வராணியும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் சுகம். உலு திராமில் நீங்களும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தபாலில் போட்டால் ஜப்பான்காரர்கள் பிரித்துப் படிப்பார்கள். ஆகையால் லோரிக்கார மூர்த்தியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நிற்க. சண்டைக்கு முன் நீங்கள் என்னிடம் விட்டுப்போன உங்கள் நாய் துரையைப் பற்றித்தான் எழுதுகிறேன். "வருஷம் முழுக்க ஒரு குறையும் வராம பாத்துக்கணும் மாப்ள" என்றீர்கள். பார்க்கிறேன். வெயில் காலத்தில் லாலான் புல்லில் புரண்டு அவன் ஒட்டிக்கொண்டு வரும் உண்ணிகளை நானே உட்கார்ந்து பிடுங்குகிறேன். மழை மாதங்களில் காதில் ஈரம் தங்காமல் துடைத்து, தேங்காய் மட்டையைப் புகைத்துக் கொசு விரட்டுகிறேன். சொறி வந்தால் வேப்பிலை அரைக்கிறேன். ஆனால் சோற்றுக்கு எங்கே போவேன்? அந்தக் காலத்தில் அவன் சாப்பிட்டது என்ன! ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பு, சாயங்காலம் டின் பாலில் தோய்த்த ரொட்டி, பிஸ்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்பிப் படுத்த நாளெல்லாம் உண்டே! நாம் இரண்டு பேரும் அவனை ஆற்றுக்கு இழுத்துப்போய் கார்பாலிக் சோப்புப் போட, அவன் உதறினதுல நீங்க நனைஞ்சு, அதப் பாத்து நான் சிரிச்சு, நீங்க என்னையும் தண்ணிக்குள்ள தள்ளிவிட்டு... அந்த மாதிரி ஞாயித்துக்கிழமை இனி எப்ப வரும் மச்சான்? இப்போது அவனுக்கு விலா எலும்பு தெரிகிறது. கிழங்கை வைத்தால் என் முகத்தைப் பார்க்கிறான். நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

அவன் தின்ன மறுக்க, உங்கள் தங்கை தினமும் வாசலில் நின்று கூவுவாள்: "துரை, வந்துருங்க சாமி! கெழங்குதான் இருக்கு, கோவிச்சுக்காதீங்க!" அவள் தொண்டை உங்களுக்குத் தெரியாததா? அதைக் கேட்ட யாரோ ஒரு புண்ணியவான், கணக்கெழுதும் கனகராஜ் கிராணி, தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை வீட்டுக்குள் ஒளித்து வைத்துக் கிழங்கு போடுகிறான் என்று போய்ச் சொல்லிவிட்டான். அலமாக்! போன வாரம் ஒரு ஜப்பான்காரன் துப்பாக்கியோடு வந்து நின்று, "ஒராங் பூத்தே ஆடா?" என்றான். வெள்ளைக்காரன் இருக்கிறானா என்று மலாயில் கேட்கிறான். எங்க வீட்டுத் துரை நாய்தான்னு சொல்லணும். பயத்துல தெரிஞ்ச மலாய் அத்தனையும் ஓடிப்போச்சு. குனிந்து கும்பிட்டு, "நாய்! நாய்!" என்று தமிழிலேயே கத்தினேன். அவன் முகம் மலர்ந்தது. "நாய்?" என்றான். "நாய்தான் சாமி, சத்தியமா நாய்!" என்றேன். முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போயே போய்விட்டான். ஜப்பான் பாஷை படிக்கும் கடைக்கார வள்ளியப்பன்தான் பிறகு விளக்கினார்: அவர்கள் பாஷையில் 'நாய்' என்றால் 'இல்லை' என்று அர்த்தமாம்!

ஒரு தடவை தப்பினோம். அடுத்த தடவை என் தலை போய்விடும். பெயரை மாற்றிக் கூப்பிட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பட்டினியில் அவன் மெலிவதைப் பார்க்கவும் எனக்குத் தெம்பில்லை. ஆகையால் அடுத்த லோரியிலேயே வந்து அவனை அழைத்துப் போய்விடுங்கள். நாங்க ரெண்டு பேரும் அழுவோம், அது எங்க பாடு.

உங்கள் வீட்டு ராசம்மா அக்காவுக்கு என் நமஸ்காரம். எல்லோர் வீட்டுப் பானையிலும் சீக்கிரம் சோறு பொங்க முருகன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
கனகராஜ்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது அதே ஜப்பான்காரன், மொழிபெயர்க்க வள்ளியப்பனையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். இந்த வட்டாரத்திலேயே யாரும் சொல்லித்தராமல் அவனுக்கு அவன் பாஷையில் பதில் சொன்ன ஒரே ஆள் நான்தானாம். திங்கட்கிழமை முதல் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஜப்பான் பாஷை வாத்தியார். சம்பளம் அரிசி, முன்பணமாக ஒரு மூட்டையையும் இறக்கிவிட்டான். உங்கள் தங்கை உலை வைத்துவிட்டாள். துரை அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டான். நாயை அழைத்துப்போக வர வேண்டாம். தயவுசெய்து சீக்கிரம் வந்து என்னை அழைத்துப் போங்கள்.