'மே' போட்ட சைக்கிள்

மேஸ்திரி நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"உட்காருங்களேன்" என்றாள் மனைவி.

"உட்கார்ந்தா சோறு இறங்காது."

"நின்னா மட்டும் இறங்குதா?"

"நின்னா சோறு மட்டும் இறங்குது. உட்கார்ந்தா உயிரும் சேர்ந்து இறங்குது."

புது சைக்கிளில் வேலைக்குப் போக ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அவருடைய பின்பக்கம் அவரோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. அதற்கு ஆதரவாக மணிக்கட்டு மரத்துப்போனது. கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பி, அதற்குமேல் திரும்ப மாட்டேன் என்றது. தெருவில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால், மேஸ்திரி அடுப்பை விட்டு இறக்கிய அண்டா மாதிரி முழுசாகத் திரும்ப வேண்டியிருந்தது.

சைக்கிள் அவர் வாங்கியது அல்ல. ஊருக்கு வெளியே எழும்பும் அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பஸ் கிடையாது என்று முதலாளி கொடுத்தது. அதோடு சேர்த்து 'மேஸ்திரி' என்கிற பேரையும் கொடுத்தார். இத்தனை வருஷம் கொத்தனாராகவே இருந்தவர், இந்த மாசம் முழுக்க மேஸ்திரியாக வேலை வாங்கிக் காட்ட வேண்டும். மாசக் கடைசியில் மேனேஜர் 'சரி' என்றால் நிரந்தரம். உதட்டைப் பிதுக்கினால் மறுபடியும் கரண்டி, மறுபடியும் சாரம், மறுபடியும் கொத்தனார்.

"சீட்டைக் கொஞ்சம் இறக்கினா என்ன?" என்றாள் மனைவி. "ஏறும்போது படிக்கட்டைத் தேடுறீங்க. இறங்கும்போது ஆளைத் தேடுறீங்க."

"இறக்கவா? அளவெடுத்து வச்சது! கடைக்காரர் சைட்டுக்கே வந்து, எல்லாரும் பார்க்க, டேப்பை இங்கேருந்து வச்சு அளந்தார்."

"எங்கேருந்து?"

"அதெல்லாம் கேட்காதே. அளந்தார்னா அளந்தார்."

வாழ்நாள் முழுக்க நூல் பிடித்துச் சுவர் எழுப்பிய மனிதர். அளந்து வைத்ததில் கை வைப்பவனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அளவு ஒருநாளும் தப்பாகாது. தப்பு என்றால் அது உடம்பில்தான் இருக்க வேண்டும்.

மனைவி பெருமூச்சு விட்டபடி ஈரத்துணியால் வண்டியைத் துடைக்கப் போனாள். பின்பக்கத்து மட்கார்டுக்குத் துணி போனதும் மேஸ்திரி அலறினார்.

"அதை மட்டும் தொடாதே! என் எழுத்து!"

மட்கார்டில் சாக்பீஸால் 'மே' என்று எழுதியிருந்தது. மேஸ்திரிக்கு மே. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம்தான் அவளோடு சேர்ந்து உட்கார்ந்து அவரும் எழுத்துப் படித்தார். அதுவரை உலகத்தில் இருந்த எழுத்தெல்லாம் அடுத்தவர்களுக்கானவை. அவருக்கென்று ஒரு எழுத்தை ஒருவர் எழுதி வைத்தது இதுதான் முதல் தடவை. எழுதியவர் சைட் வாட்ச்மேன். வண்டிகள் வந்து இறங்கிய அன்று சாயங்காலம் எழுதி வைத்தார். மறுநாள் விடிந்ததும் முதல் ஆளாக ஓடிய மேஸ்திரி, தன் எழுத்தைத் தானே படித்து, தன் வண்டியைத் தானே எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அவர் இருந்த இருப்பில் கைப்பிடியே இல்லாவிட்டாலும் ஓட்டியிருப்பார்.

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஓட்டறது எழுத்தையா, வண்டியையா?" என்று கேட்டுவிட்டு, மனைவி ஒரு தலையணையை மடித்துச் சீட்டில் வைத்துக் கட்டினாள்.

பின்பக்கத்துக்கு நிம்மதி கிடைத்தது. ஆனால் தலையணை உயரத்துக்கு மேஸ்திரியும் உயர்ந்துவிட்டதால், பெடல் கீழே போகும்போது காலை விட்டுப் பிரிந்து போய், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கணுக்காலில் தட்டியது. வழியெல்லாம் பெடலைத் தேடிக்கொண்டே போனார்.

சைட் வாசலில் வாட்ச்மேன் சிமென்ட் கலக்கும் மிஷினுக்குச் சலாம் வைத்துக்கொண்டிருந்தார். வண்டிக்கு எழுத்துப் போட்ட அன்று ராத்திரியே கண்ணாடி உடைந்ததிலிருந்து அவர் அப்படித்தான், பருமனாக எது நின்றாலும் முதலாளி என்று நினைத்து ஒரு சலாம் வைத்துவிடுவார். ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்.

"வணக்கம் அண்ணே."

"வாங்க கொத்தனாரே!"

"மேஸ்திரிண்ணே, மேஸ்திரி."

"அதைத்தானே சொல்றேன் கொத்தனாரே."

உலகமே மேஸ்திரி என்று கூப்பிட்டாலும் வாட்ச்மேன் வாயில் அது நுழையவில்லை.

மேஸ்திரி கால்களை அகட்டி அகட்டி உள்ளே நடந்தார். பின்னால் ஏதோ சத்தம் கேட்டு, அண்டா மாதிரி முழுசாகத் திரும்பினார். மேனேஜர் வந்துகொண்டிருந்தார். சாரக் கம்பு மாதிரி நெட்டையான மனிதர். அவரும் கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, வாத்து மாதிரி நடந்து வந்தார்.

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. நக்கல்! தன் நடையை அப்படியே நடித்துக் காட்டுகிறார்! குள்ளன் என்று குத்திக்காட்டத்தானே முழங்காலை வேறு மடக்குகிறார்!

மேனேஜரும் அவரை ஒரு மாதிரியாக முறைத்துவிட்டுத் தகரக் கொட்டகைக்குள் போய்விட்டார்.

"மாசக் கடைசியில நமக்கு ஆப்புதான்" என்று மேஸ்திரி தச்சரிடம் புலம்பினார். "முதல்ல இந்தப் பெடலை எட்டிப் பிடிக்கணும். நடை சரியானா நக்கலும் நின்னுடும்."

"சீட்டை இறக்கிட்டாப் போதுமே, அண்ணே."

"நீ அடிச்ச பலகையை எவனாவது வந்து கால் அடி இறக்கினா விடுவியா?"

தச்சருக்கு அது நியாயமாகப் பட்டது. சாரப் பலகையில் இரண்டு துண்டு அறுத்து, பெடல் மேலேயே வைத்து ஆணியடித்தார். காலுக்குப் பெடல் கிடைத்துவிட்டது. வளைவில் திரும்பும்போதுதான் கட்டை தரையில் இடித்து 'டொக்' என்று வண்டி ஆளைத் தூக்கிப்போட்டது. ஆகவே மேஸ்திரி நேராக மட்டுமே ஓட்டினார். திருப்பம் வந்தால் இறங்கி, வண்டியைத் தூக்கி, திருப்பி வைத்து, மறுபடியும் ஏறினார். வீட்டுக்கும் சைட்டுக்கும் நடுவே இத்தனை திருப்பம் இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

அடுத்தது கைப்பிடி. எட்டிப் பிடித்தால் கை மரத்தது, எட்டாமல் பிடித்தால் விழுந்தார்.

"இவ்வளவுதானா மாமா? பீம் கம்பியையே வளைக்கிறோம், இது எம்மாத்திரம்?" என்றார் கம்பி கட்டுகிறவர். கம்பி வளைக்கும் பட்டறையில் மாட்டி ஒரே இழுப்பு. கைப்பிடி எருமைக் கொம்பு மாதிரி பின்னால் வளைந்து, மேஸ்திரியின் வயிற்றைத் தொட்டு நின்றது.

"மூச்சை இழுத்தாத் திரும்பும், விட்டா நேராப் போகும். பழகிக்குங்க" என்றார் அவர்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தபோது, கொட்டகைப் பக்கம் மேனேஜருடைய சைக்கிள் நிற்பது தெரிந்தது. அதன் மட்கார்டிலும் சாக்பீஸ் எழுத்து. மேஸ்திரி கண்ணைச் சுருக்கி, உதட்டைக் குவித்து, எழுத்துக் கூட்டினார்.

"க்... கொ. 'கொ'ன்னு போட்டிருக்கு."

"மேனேஜருக்கு எதுக்கு மாமா கொ?"

"வாட்ச்மேன் அண்ணன் மனசுல இருக்கிறதை எழுதிட்டாரு போல. கொடுமைக்காரன்."

"கொழுப்பு!"

தச்சர் மேலே சாரத்திலிருந்து குரல் கொடுத்தார். "கொக்கு! அந்தக் காலைப் பாருங்க!"

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த நேரம் பார்த்து மேனேஜர் வெளியே வந்தார். தச்சர் இல்லாத ஆணியை அடிக்க ஆரம்பித்தார். மேனேஜர் இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார். மேஸ்திரி தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

கடைசியில் மேஸ்திரி தன் தொழிலையே நம்பினார். ரசமட்டத்தைச் சீட்டில் வைத்துப் பார்த்தார், மட்டமாக இருந்தது. பெயின்டரை வண்டியைப் பிடிக்கச் சொல்லி ஏறி உட்கார்ந்து, முழங்காலிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் எங்கேயோ ஆடியது.

"வண்டி நூலுக்கு நிக்குது" என்று தீர்ப்புச் சொன்னார். "கோணல் நான்தான். எனக்குக் காலு பத்தலை."

"காலை எங்க அண்ணே வாங்குறது?" என்றார் பெயின்டர்.

"இழுத்தா நீளும்."

அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மேஸ்திரி சாரக் கம்பில் தொங்கினார். அதுவும் போதாது என்று பெயின்டர் அவருடைய இரண்டு காலிலும் ஒவ்வொரு பெயின்ட் வாளியைக் கட்டிவிட்டார். காற்றில் மெல்ல ஆடிக்கொண்டே, "அங்க கலவை கட்டியாகுது, தண்ணி விடு! அந்த ஜன்னல் மூலை பிசிறடிக்குது, தேய்ச்சு விடு!" என்று மேலிருந்தே வேலை வாங்கினார். தொங்குகிறவர் கண்ணுக்கு எல்லா மூலையும் தெரிந்தது. அந்த மாசம் பூச்சு வேலை கண்ணாடி மாதிரி வந்தது. கால் மட்டும் நீளவில்லை, கைதான் நீண்டது. சட்டைக் கை முழங்கைக்கு வந்துவிட்டதாக மனைவி சத்தியம் செய்தாள்.

ஒருநாள் தொங்கிக்கொண்டே கொட்டகைச் சன்னல் வழியாகப் பார்த்தவருக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே மேனேஜர், தலையில் ஒரு செங்கல்லை வைத்து இரண்டு கையாலும் கீழே அமுக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கி உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார்.

"பாரு, பாரு! நான் தொங்குறதுக்கு அவர் அமுங்கிக் காட்டுறார்! இதுக்குமேல ஒருத்தனை அவமானப்படுத்த முடியுமா?"

மாசக் கடைசி வந்தது. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

தகரக் கொட்டகையில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரியும் போய் நின்றார்.

"உட்காரு."

"நீங்க உட்காருங்க சார்."

"நான் நிப்பேன்."

"நானும் நிப்பேன் சார்."

மேனேஜர் மேஜையில் ஓங்கித் தட்டினார். "இதுதான்! இதைத்தான் மாசம் பூரா பார்க்கிறேன். நான் அகட்டி நடந்தா நீயும் அகட்டி நடக்கிற. நான் முழங்காலைப் பிடிச்சா நீ இடுப்பைப் பிடிக்கிற. இப்ப நான் நின்னா நீயும் நிக்கிற. என்னைப் பார்த்தா உனக்கு என்ன, சிரிப்பு பொம்மை மாதிரியா இருக்கு?"

மேஸ்திரி கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயோ சார், நீங்கதானே என்னை நடிச்சுக் காட்டினீங்க! நான் தொங்கினா நீங்க செங்கல்லு வச்சு அமுங்கினீங்களே! எனக்கு நிஜ வலி சார். சைக்கிள் வலி. பின்னாடி, கை, கழுத்து..."

மேனேஜரின் முகம் மாறியது. குரல் இறங்கியது.

"சைக்கிளா? உனக்குமா?"

"உங்களுக்குமா சார்?"

"முழங்கால் வந்து தாடையில இடிக்குதுய்யா! வாயைத் திறந்துகிட்டு ஓட்டினா நாக்கைக் கடிச்சுக்கிறேன். வீட்ல என் பொண்டாட்டி, சர்க்கஸ்ல கரடி ஓட்டுற மாதிரி இருக்குங்கிறா. உயரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம்னுதான் அந்தச் செங்கல்லு."

மேஸ்திரி தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், தப்பா நினைக்காதீங்க. சீட்டைக் கொஞ்சம் ஏத்தினா...?"

"என்னய்யா பேசுற?" மேனேஜர் பதறினார். "அளவெடுத்து வச்சதாச்சே! அதுல போய் கை வைக்கலாமா?"

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த உலகத்தில் தன்னைப் புரிந்துகொள்ள ஒரு ஜீவன் இருந்திருக்கிறது. அந்த மனிதரைப் போய்க் கொக்கு என்றோமே!

"அளவுன்னா அளவுதான் சார்" என்றார் நாத் தழுதழுக்க.

"அப்படிச் சொல்லு."

இருவரும் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். மேனேஜர் குனிய வேண்டியிருந்தது, மேஸ்திரி எம்ப வேண்டியிருந்தது.

மேனேஜர் பேனாவை எடுத்தார். "பூச்சு வேலை பிரமாதம். முதலாளியே கேட்டார், யாரு ஆளுன்னு. இனிமே நீதான் மேஸ்திரி. இதோ எழுதிடறேன்."

மேஸ்திரியின் பின்பக்கம் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வலிக்கவில்லை. துணிந்து நாற்காலியின் விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்தும் பார்த்தார்.

கையெழுத்துப் போடக் குனிந்த மேனேஜரின் பார்வை சன்னல் வழியாக வெளியே போனது. தலையணை கட்டி, கட்டையடித்து, கொம்பு முளைத்து, அந்த சைக்கிள் வெயிலில் நின்றது.

"வேலையில உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த வண்டியைப் பார்த்தாத்தான் வயிறு எரியுது. நல்ல வண்டியை இப்படிக் குதறி வச்சிருக்கியே! உன் வண்டியாப் போச்சு, பேசாம இருக்கேன். அது மட்டும் என் வண்டியா இருந்திருந்தா, உன்னை இந்த சைட் வாசல்ல காலே வைக்க விட்டிருக்க மாட்டேன்."

"அது எப்படி சார் உங்க வண்டி ஆகும்!" என்று மேஸ்திரி சிரித்தார். மேனேஜரும் சிரித்துக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார்.

வாட்ச்மேன் இரண்டு டம்ளர் டீயோடு உள்ளே வந்தார். அன்று காலையில்தான் அவருக்குப் புதுக் கண்ணாடி வந்திருந்தது. கண்ட பக்கமெல்லாம் ஆசை ஆசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், டீயை மேஜையில் வைத்துவிட்டுச் சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"ஏன் கொத்தனாரே, உங்களுக்குன்னு நான் 'கொ' போட்டு வச்ச வண்டியை விட்டுட்டு, மேனேஜருக்கு 'மே' போட்டு வச்ச வண்டியையா இந்தக் கதி பண்ணி வச்சிருக்கீங்க?"