சுபாஷிணி போட்ட லினக்ஸ்

"எழுத்தெல்லாம் பொடிப்பொடியா இருக்கேம்மா" என்றார் ராமசுப்ரமணியன்.

சுபாஷிணிக்கு முகம் வாடிவிட்டது. மன்றத்தின் நான்கு பழைய கம்ப்யூட்டர்களிலும் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டு முடித்து, முதல் ஆளாக வந்தவரை ஆசையோடு உட்கார வைத்திருந்தாள். ஒரு 'பேஷ்' வரும் என்று எதிர்பார்த்திருந்தாள்.

மோதி பாக் தமிழர் மன்றத்தின் படிப்பறைக்கு அவள்தான் பொறுப்பு. கோவில்பட்டிப் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்தவள், கணவனுக்கு டெல்லிக்கு மாற்றல் வந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். படிப்பறையில் இரண்டு பீரோ நிறையப் புத்தகங்களும், ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய நான்கு கம்ப்யூட்டர்களும் இருந்தன. புத்தகங்களை யாரும் தொடுவதில்லை. கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் தினமும் காலையில் நான்கு பெரியவர்கள் தவறாமல் வந்துவிடுவார்கள். நால்வரும் மத்திய அரசில் இருந்து ஓய்வு பெற்று, மகன் அல்லது மகளின் குவார்ட்டர்ஸில் மனைவியோடு தங்கியிருப்பவர்கள்.

அந்தக் கம்ப்யூட்டர்கள் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் சுபாஷிணிக்கு மனசு பொறுக்கவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு நால்வரும் வெளியே போய் டீ குடித்துவிட்டு வருவார்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பேப்பரைப் பங்கு போட்டுக்கொண்டு படிப்பார்கள். வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பே கமிஷனைப் பற்றி ஒரு சண்டை வந்து, சமாதானமும் ஆகியிருக்கும். அப்புறம்தான் திரை திறக்கும். ஆளுக்கு இரண்டு மெயில் பார்ப்பதற்குள் மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

"பாவம், வயசானவங்க நேரத்த இப்படி வீணாக்குதே" என்று கணவனிடம் சொல்லி வருத்தப்பட்டாள்.

அவளுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. காலனிப் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசினார்கள். எழுதச் சொன்னால் ஓடினார்கள். கம்ப்யூட்டரில் என்றால் உட்காருவார்கள், சாயந்திரம் தமிழ் டைப்பிங் வகுப்பு வைக்கலாம் என்று மன்றச் செயலாளர் கருப்பசாமியிடம் கேட்டாள். அவரும் அந்த நால்வரில் ஒருவர்.

"வைப்போம்மா. முதல்ல நாங்க நாலு பேரும் திருப்தியாகட்டும். அப்புறம் பிள்ளைகளப் பாக்கலாம்" என்றார் அவர்.

பழைய கம்ப்யூட்டர்களுக்கென்றே ஆக்கிய இலேசான லினக்ஸ்கள் பல உண்டு. சுபாஷிணி ஒவ்வொன்றையும் பென் டிரைவில் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். ஒன்று மவுஸைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னொன்றில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வந்தது. அடுத்தது சமத்தாக எழுந்து உட்கார்ந்தது. அதையே நான்கிலும் போட்டாள். இப்போது பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் திரை தயாராக நின்றது.

ராமசுப்ரமணியனுக்கு எழுத்துதான் பொடியாக இருந்தது.

சுபாஷிணி எழுத்தைப் பெரிதாக்கினாள். மறுநாள் எழுத்து தெரிந்தது, பொத்தான்கள் தெரியவில்லை. மெயிலை அனுப்பும் பொத்தான் திரைக்குக் கீழே எங்கேயோ போய்விட்டிருந்தது. திருச்சியில் இருக்கும் தம்பிக்குத் தன் முழங்கால் வலியை நுணுக்கமாக விவரித்து எழுதியிருந்த ராமசுப்ரமணியன், கண்ணில் பட்ட பொத்தானை அழுத்தினார். முழங்கால் வலி முழுவதும் அழிந்துபோனது.

"அடடா, சாரி சார்" என்று பதறி, எழுத்தை நடுத்தரமாக்கிக் கொடுத்தாள்.

"பரவாயில்லேம்மா. வலி இன்னும் இருக்கு, நாளைக்கு எழுதிக்கறேன்" என்றவர் உத்தரத்தைப் பார்த்து யோசித்தார். "இன்னொண்ணு சொல்லணும்னு வந்தேனே. ஆங், சத்தம். ஆன் பண்ணினா ஒரு சத்தமும் வரலியே. ஆயிடுத்தா இல்லையான்னு எப்படித் தெரியறது?"

"அதான் படம் வந்துருதே சார்."

"வரது. இருந்தாலும் சத்தம்னு ஒண்ணு வேணுமோல்லியோ?"

கருப்பசாமியும் பக்கத்தில் நின்று, மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பவர் போல, "ஆமாம்மா, சத்தம் அவசியம்" என்றார்.

கேட்பவர்கள் பெரியவர்கள், மங்களகரமாக இருக்கட்டும் என்று சுபாஷிணி நாதஸ்வரத் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டாள். மறுநாள் காலை நால்வரும் ஒரே நேரத்தில் நான்கு பொத்தான்களை அழுத்தினார்கள். நான்கு நாதஸ்வரங்கள், ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாகக் கிளம்பின. பார்க்கில் நடந்துகொண்டிருந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். மாடி வீட்டு பஞ்சாபி அம்மாள் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று இந்தியில் விசாரித்தாள். கல்யாணம் இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் மாறியது. மகள் போர்டு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாளாம். காலனிச் சங்கத்திலிருந்து கருப்பசாமிக்குப் போன் வந்தது.

"சத்தத்த அடைச்சு விட்டுருங்கம்மா" என்றார் அவர்.

"நீங்கதான சார் அவசியம்னீங்க?"

"அவசியந்தான். ஆனா வேண்டாம்."

சுபாஷிணி நான்கிலும் சத்தத்தை அடியோடு நிறுத்தினாள். நிறுத்தியதை எல்லோரிடமும் சொன்னாள். அதற்குள் பல் டாக்டரிடம் கிளம்பிப் போய்விட்டிருந்த ராமசுப்ரமணியனிடம் மட்டும் சொல்லவில்லை.

அவர் தங்கியிருந்தது மகன் வீட்டில். மகள் ஜ்யோத்ஸ்னா சிட்னியில் இருந்தாள். மறுநாள் காலை வீடியோவில் வந்தாள். அவள் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு கேட்கவில்லை. தன் காது போய்விட்டது என்று முடிவு செய்தார் ராமசுப்ரமணியன். இந்த வயதில் மகளைக் கலவரப்படுத்த வேண்டாம் என்று நினைத்து, முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, அவள் எதைக் கேட்டாலும் தலையாட்டினார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினாள். அதற்கும் தலையாட்டினார்.

அவள் கேட்டது, இரட்டைப் பையன்களை விடுமுறை முழுவதும் டெல்லியில் கொண்டுவந்து விடலாமா என்று. டிக்கெட்டும் போட்டுவிட்டாள். அந்தப் பையன்கள் போன தடவை வந்தபோது டிவியும் ஒரு வாஷ்பேசினும் உடைந்திருந்தன.

ராமசுப்ரமணியன் காது டாக்டரிடம் போய், காது பொன்னாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வந்தார். படிப்பறையில் மன்றத்தின் அவசரக் கூட்டம் நடந்தது. சுபாஷிணி ஓர் ஓரமாக நின்றாள்.

"எழுத்து சரியில்ல, சத்தம் சரியில்ல, இப்ப சத்தமில்லாததும் சரியில்ல. நாலு பேருக்கும் திருப்தி இல்ல. இந்தக் கம்ப்யூட்டர் நாலையும் ஞாயித்துக்கிழமை பழைய சாமான் எடுக்குற கபாடிக்குப் போட்டுரலாம்" என்றார் கருப்பசாமி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"சார், முன்னைக்கு இப்ப எவ்வளவு வேகமா ஓடுது. நீங்களே சொல்லுங்க."

"ஓடுதும்மா. யார் இல்லேன்னா? ஆனா புகார் நிக்கலியே."

"அப்ப பிள்ளைங்க கிளாஸு?"

கருப்பசாமி கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். மற்ற மூவரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். கூட்டம் கலையும்போது அவர் மட்டும் பின்தங்கி, குரலைத் தாழ்த்தி, "ராமசுப்ரமணியன் சம்சாரம் ஞாயித்துக்கிழமை இங்க வர்றாங்களாம். உங்களப் பாக்கணுமாம். பொறுமையாப் பேசுங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

சுபாஷிணி அன்று வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. "நல்லது செய்யப்போய் ஒரு குடும்பத்தையே கலைச்சு விட்டுட்டேன்" என்றாள். "நீ லினக்ஸ்தானே போட்ட?" என்று கணவன் ஆறுதல் சொன்னான். அது ஆறுதலாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கபாடிக்காரர் ஆரிப் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். சுபாஷிணி ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஒயரைக் கழற்றினாள். கடைசிக் கம்ப்யூட்டரில் மனசு வராமல், ஒருதரம் போட்டுப் பார்த்தாள். வழக்கம்போல உடனே எழுந்தது. அவளுக்குக் கண் கலங்கியது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ராமசுப்ரமணியனின் மனைவி காமாக்ஷி உள்ளே வந்தாள். மடிப்புக் கலையாத சேலை, கையில் ஒரு டிபன் டப்பா. கோபத்தோடு வருகிறவர்கள் டிபன் டப்பா கொண்டுவருவார்களா என்று சுபாஷிணிக்குப் புரியவில்லை.

"மாமி, மன்னிச்சுருங்க. சத்தத்த நிறுத்துனத சார்ட்ட சொல்லாம விட்டது என் தப்புதான். உங்க பேரப் பிள்ளைங்க விஷயம்..."

"அதை விடு. கொழந்தேள் வந்தா வந்துட்டுப் போறதுகள்" என்ற காமாக்ஷி, ஆரிப் கம்ப்யூட்டரில் கைவைப்பதைப் பார்த்து, "பையா, ருக்கோ. என்ன ஜல்தி இப்போ?" என்று அதட்டினாள். ஆரிப் கையை எடுத்துவிட்டார்.

காமாக்ஷி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டப்பாவைத் திறந்து சுபாஷிணி பக்கம் நகர்த்தினாள். உள்ளே ரவா லாடு.

"இதைத் தூக்கிக் குடுத்துடாதே, தாயே. இது போயிடுத்துன்னா நாங்க நாலு பேரும் தொலைஞ்சோம்."

"இல்ல மாமி, சாருக்குத்தான் இதுல எதுவுமே பிடிக்கல."

"யார் சொன்னா? அவருக்கு உன்னைப் புகழ்ந்து மாளலை. ஆத்துல வந்து, சுபாஷிணி கைபட்டா போறும், கம்ப்யூட்டர் பறக்கறதுங்கறார்."

சுபாஷிணி லாடைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். "அப்ப அந்தப் புகாரெல்லாம்?"

காமாக்ஷி வாசலை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை நெருக்கி இழுத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் நானும் கருப்பசாமி சம்சாரமும் காலம்பற காலம்பற சொல்லிக் குடுத்து அனுப்பினதும்மா, முன்னெல்லாம் இவா நாலு பேரும் சாப்பாட்டுக்குத்தான் ஆத்துக்கு வருவா, இப்போ நாங்க காய் நறுக்கறதுக்குள்ள வந்து அடுக்களையில நின்னுண்டு கத்திரிக்காயை நீளமா நறுக்கு, குறுக்க நறுக்குங்கறா, இதைப் பழையபடி கொஞ்சம் மெதுவா ஓடறாப்பல பண்ணித் தரயா?"